வேலூர் வெயிலில் பவளத்தொட்டி: முதல் மீனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

வீட்டில் பவளமும் கடல் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் முதல் கேள்வியே எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும் என்பதுதான். வேலூரிலோ ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ தொட்டி வைப்பவருக்கு ஆண்டில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடேற்றும் வேலையே இல்லை. சூடேறாமல் காப்பதுதான் வேலை. மார்கழி, தை இரவுகளில் மட்டும் ஹீட்டர் தேவைப்படும். அந்தச் சில வாரங்களுக்காக வாங்கி மாட்டிய ஹீட்டரே கத்திரி வெயிலில் கோளாறாகி மொத்தத் தொட்டியையும் வேகவைத்துவிடக் கூடும்.

இரண்டாவது வேலை க்வாரன்டைன், அதாவது புது மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்து, மருந்து கொடுத்து, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுவது. வெப்பமும் இதுவும் தனித்தனி வேலைகள் போலத் தெரியும். ஆனால் நோய்க்கிருமி வளரும் வேகம், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சு எல்லாமே வெப்பத்தோடு மாறுபவை. அதனால் மீன் வாங்குவதற்கு முன்பே இரண்டுக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டும். மீன் வந்தபிறகு ஓடியாடி வாங்கும் சாமான் எதுவும் அந்த மீனுக்கு உதவாது.

எத்தனை டிகிரி

இலக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். எங்கள் ஊர் வெயிலுக்கு 26 அல்லது 27-ஐக் குறிவைப்பது நடைமுறைக்கு ஏற்றது. எந்த எண்ணைப் பிடித்தாலும் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தினமும் 25-க்கும் 29-க்கும் இடையில் ஊசலாடும் தொட்டியைவிட, நிலையாக 27-இல் நிற்கும் தொட்டி எவ்வளவோ மேல்.

தண்ணீர் 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், பவளத்தின் திசுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளிறிப் பட்டினியாகும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளிறியதும் கடல்நீர் சூடானதால்தான். மீனுக்கு வேறு ஆபத்து. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், அதே சூட்டில் மீனின் தேவையோ அதிகமாகும். ஏப்ரல், மே மாத விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் ஓரிரு டிகிரி தப்பாகக் காட்டுவது சகஜம். பொடித்த ஐஸ் நிறைந்த டம்ளரில் கொஞ்சம் ஆர்.ஓ. நீர் ஊற்றிக் கலக்கி, முனையை அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று ஒட்டுத்தாளில் எழுதித் தொட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் மீட்டர் இதற்கு உதவாது. அது 32-க்குக் கீழே காட்டாது.

சூட்டைக் குறைப்பது

எல்லாவற்றுக்கும் முதலில் தொட்டி வைக்கும் இடம். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை இறக்கிக்கொண்டே இருக்கும். மேற்குச் சுவரும் ஆகாது. தரைத்தளத்தில், வடக்குப் பக்கச் சுவரை ஒட்டி, வெயில் நேரே விழாத இடமாகப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் கோடையில் ஓரிரு டிகிரி மிச்சமாகும்.

அடுத்தது தண்ணீருக்குள் நாமே இறக்கும் சூடு. நீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் எத்தனை வாட் இழுக்கிறதோ அதில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். 40 வாட் ஏ.சி. பம்புக்குப் பதில் அதே ஓட்டம் தரும் 15 வாட் டி.சி. பம்ப் போட்டாலே வித்தியாசம் தெரியும். விளக்கைப் பிற்பகல் உச்சியில் எரியவிடாமல் மாலை 4 மணிக்குப் போட்டு இரவு 12 மணிக்கு அணைக்கும்படி டைமர் வையுங்கள். பவளத்துக்கு எட்டு மணி நேர வெளிச்சம் போதும், அது எந்த எட்டு மணி நேரம் என்பது நம் வசதி.

பிறகு ஃபேன். மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே வேலையைத்தான் இது செய்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் கற்களும் மேல் இடைவெளியும் போக 160 லிட்டர் நீர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லிட்டர் ஆவியே மூன்றரை டிகிரி வெப்பத்துக்குச் சமம். அறையிலிருந்து சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் 2 முதல் 4 டிகிரி இறக்கம் கிடைக்கும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் இரண்டு போதும். நீர்மட்டத்துக்கு நான்கைந்து அங்குலம் மேலே, சாய்வாக, மேற்பரப்பை வருடிப் போகும்படி காற்று வர வேண்டும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் குதிக்காமலிருக்க வலை மூடி போடுங்கள்.

வேலூரின் கோடை வறண்ட கோடை என்பது இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். கடலோர ஊர்களைவிட ஃபேன் இங்கே நன்றாக வேலை செய்யும். ஆனால் கோடை மழை பெய்த மறுநாள் கவனம் தேவை. காற்றில் ஈரம் ஏறியதும் ஆவியாதல் குறைந்து, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சூடேறும். நேற்றைவிடப் புழுக்கம் அதிகம் என்று நமக்குத் தோன்றும் நாள்தான் தொட்டிக்கும் மோசமான நாள்.

ஃபேன் போட்டால் ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர் குறையும். போவது வெறும் நீர், உப்பு அங்கேயேதான் இருக்கும். அதனால் ஈடு செய்ய ஊற்றுவதும் உப்பில்லாத சுத்த நீராக இருக்க வேண்டும். உப்புநீர் ஊற்றினால் ஒவ்வொரு நாளும் உவர்ப்பு ஏறும், ஒரே வாரத்தில் பவளம் சுருங்கும். மிதவை சென்சாரோடு வந்து, குறைந்த நீரைத் தானே ஊற்றும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி கோடையில் ஆடம்பரமே அல்ல.

அந்தச் சுத்த நீருக்குச் சமையலறை ஆர்.ஓ. போதாது. அதில் சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரையோ தாதுவையோ திரும்பக் கலந்துதான் வெளியே விடுகிறார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே வழங்கியிருக்கிறது. போர்வெல் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று நாக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துவிடும் டி.ஐ. ரெசின் குழாய் சேர்த்து, கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 0 வரும் நீரை மட்டுமே பயன்படுத்துங்கள். மீட்டர் 2, 3 காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஃபேன் போதாத வீட்டில் சில்லரா (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி), ஏ.சி.யா? எத்தனை லிட்டருக்கு எந்தச் சில்லர் என்று சொல்லும் அட்டவணை மிதமான அறைக்குக் கணக்கிட்டது. 36, 37 டிகிரி அறையில் அந்தக் கணக்கு நடக்காது. வாங்கினால் சொல்லப்பட்டதைவிட ஒரு படி பெரியதாக வாங்க வேண்டும். அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் கக்கும் என்பதால், அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டையே தான் மீண்டும் இழுத்துத் திணறும். ஏ.சி. உள்ள அறையாக இருந்தால் 27-இல் தொடர்ந்து ஓடும் ஏ.சி.யும் இரண்டு ஃபேனும் சில்லர் வேலையைச் செய்துவிடும். இரவு 23-இல் ஏ.சி. ஓடி, காலையில் அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகும் அறைதான் இருப்பதிலேயே கெடுதல். அங்கே தொட்டி தினமும் ஏறி இறங்கும்.

ஐஸ் பாட்டில் அவசரத்துக்கு மட்டும். உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் 160 லிட்டரை முக்கால் டிகிரிகூட இறக்காது. மூடி திறக்காமல் சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) மிதக்கவிடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடக் கூடாது.

ஹீட்டர்

நம் குளிர்காலத்தில் இரவில் வெளியே 20-க்குக் கீழே இறங்கும். தண்ணீரை அதிகம் போனால் ஆறேழு டிகிரி ஏற்றிப் பிடித்தால் போதும். 160 லிட்டருக்கு 150 வாட் சரி. ஆனால் ஒரே 150 வாட் ஹீட்டர் வேண்டாம், 75 வாட்டில் இரண்டு. ஹீட்டர் சாவது பெரும்பாலும் அணைந்து அல்ல, உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிந்தே. 300 வாட் ஹீட்டர் அப்படி ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும். 75 வாட்டாக இருந்தால் நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும். ஒன்று அணைந்தே போனாலும் மற்றது பெரும்பகுதி தாக்குப்பிடிக்கும்.

ஹீட்டரை நேரே பிளக்கில் செருகாமல் வெளிக் கன்ட்ரோலர் வழியாக இணையுங்கள். எஸ்.டி.சி. 1000 போன்ற மலிவான கன்ட்ரோலரில் ஹீட்டருக்கு ஒன்று, குளிர்விப்புக்கு ஒன்று என இரண்டு இணைப்புகள் உண்டு. இலக்கு 26, வித்தியாசம் 0.5 என்று வைத்தால் 25.5-இல் ஹீட்டர் போடும், 26.5-இல் ஃபேன் போடும். சில்லர் இணைத்திருந்தால் கம்ப்ரசர் தாமதத்தைக் குறைந்தது 3 நிமிடம் வையுங்கள். ஹீட்டரின் சொந்தத் திருகை 27-இல் வைத்துவிடுங்கள். கன்ட்ரோலரின் ரிலே ஒட்டிக்கொண்டாலும் ஹீட்டர் தானாக அணைய ஒரு வழி இருக்கும்.

கன்ட்ரோலரின் சென்சார் முனை நீருக்குள்தான் இருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள். சம்பில் நீர் இறங்கி முனை காற்றில் தொங்கினால், அது அறையின் குளிரை அளந்து ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே நீரை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். மார்ச் பிறந்ததும், அறை ஏ.சி. அறையாக இல்லாத பட்சத்தில், பிளக்கையே பிடுங்கி வைத்துவிடலாம்.

உப்புநீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொட்டியை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும், வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கும் இப்போதே வழி செய்து வையுங்கள். தொட்டிக்குள் நீரோட்டம் தரும் வேவ்மேக்கரையும் 12 வோல்ட் ஃபேனையும் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இணைத்தால் பகல் முழுக்க ஓடும். சில்லரையும் ஹீட்டரையும் அதில் போடாதீர்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

க்வாரன்டைன் தொட்டி

இரண்டடிக்கு ஓரடி, உயரம் ஒன்றேகால் அடி, நீர் சுமார் 60 லிட்டர். மணல் கிடையாது, கல் கிடையாது. இரண்டும் ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் (செம்பு) மருந்தை உறிஞ்சிக்கொண்டு அளவைக் கெடுக்கும், கிருமியின் கூட்டுக்கு இடமும் தரும். மீன் ஒளிந்துகொள்ள இரண்டு அங்குல பி.வி.சி. எல்போ மூன்று நான்கு போதும். ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப், 50 வாட் ஹீட்டர், வலை மூடி, அம்மோனியா டெஸ்ட் கிட், காப்பர் டெஸ்ட் கிட். இதற்கென்றே தனி வலை, தனி வாளி, தனி ட்யூப்.

ஸ்பான்ஜைப் பெரிய தொட்டியின் சம்பில் நான்கு வாரம் ஊறவைத்து, பாக்டீரியா படிந்த பிறகு எடுத்து வாருங்கள். புது ஸ்பான்ஜ் அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. முதல் மீன்கள் க்வாரன்டைனில் இருக்கும்போது பெரிய தொட்டி மீனில்லாமல் பக்குவமாகிக்கொண்டிருக்கும், காத்திருப்பதால் நாள் வீணாவதில்லை.

இரண்டு தொட்டிக்கும் நடுவே 3 மீட்டராவது இடைவெளி வேண்டும், முடிந்தால் வேறு அறை. வெல்வெட் நோய்க் கிருமி நுண்ணிய நீர்த்துளியில் ஏறிக் காற்றில் அவ்வளவு தூரம் போகும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் வீடுகளில் ஃபேன் எப்போதும் சுழல்கிறது. க்வாரன்டைன் தொட்டியின் மேல் அடித்த காற்று பெரிய தொட்டிப் பக்கம் போகாதபடி திசையைப் பார்த்து வையுங்கள்.

மீன் வரும் நாள்

வேலூருக்கு மீன் பெரும்பாலும் சென்னைக் கொளத்தூர்ப் பக்கமிருந்துதான் வரும். கோடையில் விடியற்கால ரயிலில் காட்பாடி வந்து சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். மூடிய தெர்மோகோல் பெட்டி அவசியம். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டு வாங்குங்கள்: அவர் தொட்டியின் உவர்ப்பு எவ்வளவு? பல கடைகளில் 1.018, 1.020 (சுத்த நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) என்று குறைத்து வைத்திருப்பார்கள். உங்கள் க்வாரன்டைன் தொட்டியையும் அதே எண்ணில் தயார் செய்யுங்கள். உவர்ப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுக் கரைசலால் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

பை வந்ததும் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, பிரித்து, மீனை மட்டும் எடுத்து உடனே தொட்டியில் விடுங்கள். மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலக்கும் பழக்கம் நீண்ட பயணம் செய்த மீனுக்கு ஆபத்து. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் கழிவிலுள்ள அம்மோனியா நச்சில்லாத வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே கழிவு நச்சாக மாறும். உவர்ப்பை முன்பே பொருத்திவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள். பிறகு நாளொன்றுக்கு 0.001 முதல் 0.002 வரை ஏற்றி, நிதானமாக 1.025-க்குக் கொண்டுவாருங்கள்.

மருந்தும் நாள்களும்

முதல் மூன்று நாள் மருந்து வேண்டாம். மீன் சாப்பிடுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தூவியது போன்ற தனித்தனி வெண்புள்ளி என்றால் கிரிப்டோகேரியான், கடல் மீன்களின் வெண்புள்ளி நோய். மாவு பூசியது போன்ற மெல்லிய தூசு, வேக மூச்சு, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவது, பம்பின் ஓட்டத்தில் தலையை நீட்டி நிற்பது, இவை வெல்வெட். இது இரண்டு மூன்று நாளில் கொல்லும், இங்கே காத்திருக்கக் கூடாது. கோமாளி மீனின் தோலிலிருந்து வழவழப்பு படலமாக உரிந்தால் ப்ரூக்ளினெல்லா. அதற்குக் காப்பர் போதாது, ஃபார்மலின் வகை மருந்து தேவை.

வெண்புள்ளி தானாக மறைந்தால் குணமானதாக நினைத்துவிடுகிறார்கள். ஒட்டுண்ணி மீன்மேல் இருப்பது சில நாள்தான். பிறகு கீழே விழுந்து கூடு கட்டி, பிரிந்து, நூற்றுக்கணக்கில் வெளிவந்து மறுபடி மீனைத் தேடும். வெப்பம் ஏறினால் இந்தச் சுழற்சி வேகமாகும். அதைப் பயன்படுத்தித் தண்ணீரை 30-க்கு ஏற்றினால் கிருமி சாகாது, ஆக்சிஜன்தான் குறையும். க்வாரன்டைன் தொட்டியும் 26-இலேயே இருக்கட்டும்.

நான்காம் நாள் காப்பர் தொடங்கலாம். க்யூப்ரமின் மருந்தானால் 40 லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் கழித்து மீண்டும் அதே அளவு. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரும். புட்டியில் 14 நாள் என்று இருக்கும். 30 நாள் விடாமல் பிடிப்பதே நல்லது, ஏனென்றால் காப்பர் கூட்டை ஊடுருவாது, வெளிவரும் குஞ்சைத்தான் கொல்லும். வேறு வகைக் காப்பருக்கு அளவு முற்றிலும் வேறு, ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் போடாதீர்கள். இரண்டு நாளுக்கொருமுறை டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியாவை அடக்கும் கண்டிஷனர் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது, காப்பர் மீனுக்கே விஷமாகும். மருந்தை உறிஞ்சிவிடும் வடிகட்டிக் கரியான கார்பனும் இந்த நாள்களில் கூடாது.

அம்மோனியா தெரிந்தால் செய்ய வேண்டியது தண்ணீர் மாற்றுவதுதான். புது நீரில் அதே அளவு காப்பரை முன்பே கலந்துவிட வேண்டும். வேலூர்க் கோடையில் பலர் தவறுவது இங்கேதான்: பால்கனியில் கலக்கி வைத்த உப்புநீர் 35 டிகிரியில் இருக்கும். பெரிய தொட்டியில் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் ஒரு டிகிரி ஏறும், சமாளிக்கலாம். 60 லிட்டர் தொட்டியில் பாதியை மாற்றினால் நான்கு டிகிரிக்கு மேல் ஒரே நிமிடத்தில் ஏறும். மருந்தில் இருக்கும் மீனுக்கு அது தாங்காது. உப்புநீரை முந்தைய இரவே அறைக்குள் கலக்கி, ஃபேன் காற்றில் வைத்து, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் வந்த பிறகு ஊற்றுங்கள். உப்புக் கலவை லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை பிடிக்கும், சரியான அளவை ரிஃப்ராக்டோமீட்டர் சொல்லும். சமையல் கல்லுப்பு இதற்கு மாற்று அல்ல.

30 நாள் முடிந்ததும் தண்ணீர் மாற்றியும் கார்பன் போட்டும் காப்பரை எடுத்துவிட்டு, செவுளிலும் தோலிலும் ஒட்டும் ஃப்ளூக் புழுவுக்குப் ப்ராசிகுவான்டெல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து மறுமுறை. அப்போது காற்றுக்குமிழ் அதிகமாக விடுங்கள். அதன்பின் இரண்டு வாரம் மருந்தில்லாமல் கவனியுங்கள். ஆக ஏழெட்டு வாரம்.

பவளத்துக்கும் நத்தை, இறால் வகைகளுக்கும் காப்பர் நஞ்சு. அவற்றில் பவளத்தை மட்டும், ஒட்டிவரும் பூச்சிகளை நீக்கும் டிப் திரவத்தில் நனைத்து, அலசி, எல்லாவற்றையும் மீனே இல்லாத தொட்டியில் ஆறு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். வெண்புள்ளியின் கூடு ஓட்டிலும் பவளம் ஒட்டிய கல்லிலும் வரக்கூடும், 76 நாள் வைப்பவர்களும் உண்டு. இன்னொன்று: கல்பவளங்களும் கடல்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்துப் பவளக்கல் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பீங்கான் கல் போதும், அதில் ஒட்டுண்ணியும் வராது. மீனிலும், தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட நோயும் குறைவு, தீனிக்கும் எளிதில் பழகும்.

மீனை மாற்றும் நாளன்று இரு தொட்டியின் உவர்ப்பையும் வெப்பத்தையும் ஒன்றாக்கி, வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், ஒரு சொட்டு நீரும் கூடப் போக வேண்டாம். காப்பர் பட்ட ஸ்பான்ஜ் திரும்பவும் பெரிய தொட்டியின் சம்புக்குப் போகக் கூடாது, அடுத்த முறைக்குப் புதியதை ஊறப்போடுங்கள். க்வாரன்டைன் தொட்டி, எல்போ, வலை எல்லாவற்றையும் ப்ளீச்சிங் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் ஈரமே இல்லாமல் காயவிட்டு எடுத்து வையுங்கள். ஹீட்டரை மட்டும் வெயிலில் வைக்காமல் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.